கணினி எந்த இடத்தில் நிற்கிறது? ஃபார்மட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

மழைக்காலம் முடியும் நேரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் கணினி பழுதுபார்க்கும் கடைகளில் சிபியு பெட்டிகள் சேர்ந்துவிடுகின்றன. கொண்டுவருகிறவர்களில் பலர் என்ன ஆனது என்று சொல்வதில்லை. "ஃபார்மட் செய்து கொடுங்கள்", அதாவது டிஸ்கில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். கடையிலும் அதுவே சுலபமாக இருப்பதால் செய்து கொடுத்துவிடுகிறார்கள். கணினி ஓடத் தொடங்குகிறது. பாதி எழுதிய ஆய்வேடும், பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும், கடையின் மூன்று வருடக் கணக்கும் போன இடம் தெரிவதில்லை. பெரும்பாலான பழுதுகளுக்கு இந்த இழப்பு தேவையே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கணினி ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் எழுகிறது. முதலில் மின்சாரம், அடுத்து பயாஸ் எனப்படும் தொடக்க உள்மென்பொருள், பிறகு டிஸ்க், பிறகு விண்டோஸ், கடைசியாக நம்முடைய கணக்கு. இந்த வரிசையில் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் அதற்கு முன்னால் உள்ளவை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். எனவே கீழே உள்ளதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லும் இடங்களில் மட்டும் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சுவிட்சைப் போட்டும் எந்த விளக்கும் எரியவில்லை

முதலில் யுபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். வீட்டு யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துவிடும். அடிக்கடி மின்தடை ஏற்படும் பகுதிகளில் இன்னும் சீக்கிரம். பேட்டரி முழுவதும் செத்துப்போனால் பல யுபிஎஸ்கள் சுவரில் மின்சாரம் இருந்தும் இயங்க மறுக்கும். சிபியுவின் கம்பியை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். ஓடினால் உங்களுக்கு வேண்டியது ஒரு பேட்டரி மட்டுமே.

அப்படியும் எழவில்லை என்றால், பெட்டியின் பின்புறம் மின்கம்பி நுழையும் இடத்தில் இருக்கும் சிறிய சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கிய மின்னூட்டத்தை வெளியேற்றி, மறுபடி செருகுங்கள். இதற்கும் அசையாவிட்டால் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் விண்டோஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மின்விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது

கடலோர வீடுகளில் மிக அதிகமாக வரும் பழுது இது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வீராம்பட்டினம் போன்ற இடங்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று வீட்டுக்குள் நாள் முழுவதும் புகுந்து வருகிறது. ரேம் எனப்படும் தற்காலிக நினைவக அட்டையின் அடியில் உள்ள பொன்னிறப் பட்டைகளில் மெல்லிய படிவு உண்டாகி, தொடர்பு விட்டுப்போகிறது. சில கணினிகள் அப்போது விட்டுவிட்டு பீப் ஒலி எழுப்பும். பல கணினிகள் ஒலி இல்லாமலே நின்றுவிடும்.

மானிட்டர் கம்பி இரு முனையிலும் இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தனி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் கம்பி அதில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சரியாக இருந்தால் பெட்டியைத் திறந்து, ரேமின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கி அட்டையை எடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் பட்டைகளை இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, 'க்ளிக்' என்று கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றொன்றை மட்டும். எது இருக்கும்போது திரை வருகிறதோ அதைக் கொண்டே முடிவு தெரிந்துவிடும்.

தேதி பல ஆண்டுகள் பின்னே போகிறது, இணையதளங்கள் திறக்க மறுக்கின்றன

பெட்டிக்குள் இருக்கும் முதன்மை அட்டையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளிநிற செல் இருக்கும். சிஆர் 2032 என்று அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். 3 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பதும் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் இதன் வேலை. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை இது செத்ததே தெரியாது. எஸ்எம்பிஎஸ் வழியாகக் கசியும் சிறு மின்சாரமே கடிகாரத்துக்குப் போதும். நீண்ட மின்தடை வந்தால்தான் குட்டு உடையும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் மின்சாரம் திரும்புவதற்கு நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆனது. அவ்வளவு நாள் கடிகாரத்தைக் காப்பாற்ற வலுவற்ற செல்லால் முடியாது.

தேதி தவறினால் இணையம் ஏன் முரண்டு பிடிக்கிறது? ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. உங்கள் கணினி இன்னும் பத்து வருடம் பின்னால் இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கருதி, 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கும். அப்போது பிரவுசரையும் ஆன்டிவைரஸையும் நீக்கி நிறுவிக்கொண்டிருப்பது வீண்வேலை. தேதியைச் சரிசெய்து, செல்லை மாற்றினால் போதும்.

சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் பிசகுகிறதா? அது செல் பழுதாக இருக்காது. ஒரே கணினியில் விண்டோஸும், லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் வைத்திருப்பீர்கள். விண்டோஸ் உள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே இருப்பதால் அந்த வித்தியாசம் அப்படியே தெரிகிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி அமைத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

பூட் டிவைஸ் இல்லை என்கிறது

டிஸ்க் செத்துவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன செல் இறந்திருந்தால் பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். டிஸ்கோடு பேசும் முறையும், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையும் மாறியிருக்கும். டிஸ்கும் அதில் உள்ளவையும் பத்திரமாக இருந்தும் விண்டோஸ் தொடங்காது.

கணினியைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் பொத்தானைத் தொடர்ந்து தட்டி பயாஸுக்குள் போங்கள். அங்கே டிஸ்கின் பெயர் தெரிந்தால் பாதிக் கவலை நீங்கியது. பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வையுங்கள். சாட்டா முறை, அதாவது டிஸ்கோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ, ரெய்டு என்ற இரண்டில் எதில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிடுங்கள். டிஸ்கின் பெயரே தெரியவில்லை என்றால் சாட்டா கம்பியைக் கழற்றி வேறு துளையில் செருகிப் பாருங்கள். டக் டக் என்று உள்ளிருந்து ஓசை வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். அந்த டிஸ்கை மறுபடி மறுபடி ஓட்டுவது உள்ளே இருப்பதையும் அழித்துவிடும்.

விண்டோஸ் சின்னம் வந்து, புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனால் வரும் நிலை இது. முதலில் ஒரு மணி நேரம் பொறுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் அப்டேட் மெதுவாகத்தான் நகரும். பெட்டியில் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

பிறகும் நகராவிட்டால், புள்ளிகள் சுற்றும் நேரத்தில் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படித் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்கு வரும். ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே இருக்கும் வழிகளை இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். அது கைவிட்டால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் வழியாகக் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குங்கள். அடுத்து சிஸ்டம் ரீஸ்டோர். இந்த மூன்றும் உங்கள் கோப்புகளைத் தொடுவதில்லை. ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் எண் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அதில் கணினி எழுந்துவிட்டால், விண்டோஸின் அடிப்படை நன்றாக இருக்கிறது, பின்னால் நிறுவிய ஏதோ ஒன்றுதான் தடுக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

'ரீசெட் திஸ் பிசி' என்ற பொத்தானும் அங்கேயே இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தாலும் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும்.

எதுவும் பலிக்கவில்லை, கடைக்கே கொண்டுபோக வேண்டும் என்ற நிலை வந்தாலும், அதற்கு முன் கோப்புகளை நீங்களே எடுத்துவிடலாம். இது பலருக்குத் தெரியாத வழி. ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் முன் இருப்பது ஒரு சிறிய கோப்பு உலாவி. யூசர்ஸ் அடைவுக்குள் உங்கள் பெயரில் இருக்கும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை வலது சொடுக்கில் 'சென்ட் டு' வழியாகப் பென்டிரைவுக்கு அனுப்பலாம். மீட்புத் திரையில் சி டிரைவ் வேறு எழுத்தில் தெரியலாம், எனவே எழுத்தை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நகல் ஆகும் நேரத்தில் திரை அசையாமல் நிற்கலாம். அவசரப்பட்டு அணைத்துவிட வேண்டாம்.

இதே வேலையை லினக்ஸ் பென்டிரைவ் கொண்டும் செய்யலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, கோப்புகளை எடுத்துவிடலாம். புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டால் கூட உட்கார்ந்து செய்துகாட்டும் ஆட்கள் உண்டு.

அணைத்துப் போட்டும் பழைய கோளாறே திரும்ப வருகிறது

விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுவதும் அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்குதளத்தின் கருவை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் எடுத்துக்கொள்கிறது. கோளாறும் அதோடு சேர்ந்தே வருகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். ஒலி இல்லை, வைஃபை இல்லை, மவுஸ் நிற்கிறது என்பன போன்ற சின்னத் தொல்லைகள் பல ஒரு ரீஸ்டார்ட்டில் தீரும். இந்த வசதியைக் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் நிரந்தரமாக நிறுத்திவிடலாம். எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் பகுதி இல்லாத வேகமான டிஸ்க் உள்ள கணினியில் அதனால் பெரிய தாமதம் வராது.

நீலத் திரை வந்து நிற்கிறது

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இது கறுப்புத் திரையாக வரும். முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அடியில் இருக்கும் ஸ்டாப் கோடு, அதாவது பிழையின் குறியீட்டுப் பெயர், இல்லாமல் யாரும் உங்களுக்கு உதவ முடியாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிட்டால் அதுவே சோதித்துச் சொல்லும். ஒரே கோடு, அதுவும் புதிய பிரின்டரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ நிறுவிய பிறகு என்றால், சேஃப் மோடில் போய் அதை நீக்குங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு, சேஃப் மோடில் நுழைந்து அந்தத் தவறான கோப்பை அழிப்பது. நீலத் திரையைக் கண்டதும் எல்லாவற்றையும் அழிக்கத் துணிகிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

48 இலக்க எண்ணைக் கேட்கிறது

விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதியான பிட்லாக்கர் டிஸ்கைப் பூட்டியிருக்கிறது. பயாஸ் அமைப்பு மாறினால், அதாவது மேலே சொன்ன செல் செத்தாலே, இந்தத் திரை வரலாம். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் திறக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. வீட்டுக் கணினி என்றால் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

எதைத் தொட்டாலும் தாமதம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்தப் பத்தி நிரம்பி வழிகிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கால் இன்றைய விண்டோஸுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஃபார்மட் செய்தால் ஒரு மாதம் வேகமாக இருக்கும், பிறகு பழைய கதைதான். அந்தக் கூலியைச் சேர்த்து ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, இருக்கும் டிஸ்கை அப்படியே நகலெடுத்து மாற்றுவதுதான் நியாயமான செலவு. மெமரி நிரம்பியிருந்தால் இன்னொரு ரேம், அல்லது பிரவுசரில் திறந்து கிடப்பவற்றை மூடும் பழக்கம்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அங்கே பட்டியலில் டவுன்லோட்ஸ் அடைவும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் நீக்குங்கள். பல வீடுகளில் மதிப்பெண் சான்றிதழும் ஆதார் நகலும் அதில்தான் கிடக்கின்றன.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ, ஆங்கிலக் குறிகளாகவோ தெரிகிறது

இவை இரண்டும் வேறு வேறு பழுதுகள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரிந்தால், அந்தக் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டப்பட்டது. அந்த முறையில் தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கும். உள்ளே பதிந்திருப்பது ஆங்கில எழுத்தின் எண். ஃபார்மட் செய்தபோது எழுத்துரு போய்விட்டால் கோப்பு கெட்டுப்போனது போலத் தோன்றும், ஆனால் ஓர் எழுத்தும் தொலைந்திருக்காது. அதே எழுத்துருவை மறுபடி நிறுவுங்கள், அல்லது யுனிகோடு மாற்றியில் கொடுத்து மாற்றிவிடுங்கள். கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, பத்திர நகல் என்று இந்தப் பகுதியின் அச்சுக்கூடங்களில் இப்படி உறங்கும் கோப்புகள் ஏராளம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் யுனிகோடுத் தமிழ்தான், அதைக் காட்டும் எழுத்துரு அந்த மென்பொருளுக்குக் கிடைக்கவில்லை. இதன் இன்னொரு வடிவம்: பழைய கணினியில் ஒரே பக்கத்தில் அடங்கிய கடிதம் புதிய கணினியில் இரண்டு பக்கமாக நீள்கிறது. லதா எழுத்துருவில் அமைத்த கடிதமாக இருக்கும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் இயல்பாக வருவதில்லை. அவற்றுக்குப் பதில் நிர்மலா வந்து நிற்பதால் வரிகள் இடம் மாறுகின்றன. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும்.

விசைப்பலகைக்குத் தனி மென்பொருள் இனி கட்டாயம் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பு இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ் 99 அல்லது அஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

பிரின்டர் வரிசை நகரவில்லை

சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் அடைவில் சிஸ்டம்32, அதில் ஸ்பூல், அதில் பிரின்டர்ஸ் என்று போய் உள்ளே கிடப்பவற்றை அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள். காகிதம் அடிக்கடி சிக்கினால் டிரைவரைக் குறைசொல்லாமல் காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்த கட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

வெள்ளம் புகுந்த சிபியு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது. அப்படி நனைந்த பெட்டியைக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கூடப் போட்டுவிடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் நிரந்தரச் சேதம். கம்பியைப் பிடுங்கி, டிஸ்கை மட்டும் தனியே கழற்றுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் காற்றுக்காக ஒரு நுண்துளை இருக்கும், அதன் வழியே சேறு உள்ளே போயிருக்கலாம். முக்கியமான தகவல் இருந்தால் அதை இயக்காமலே தரவு மீட்பவரிடம் கொடுப்பது நல்லது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே சிபியுவைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றிவிட்டால் இதற்கெல்லாம் இடமில்லை.

விண்டோஸ் 11 இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்கிறது

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் இந்தச் செய்தியைப் பார்த்துப் புதுக் கணினி வாங்க ஓடுகிறவர்கள் அதிகம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் பல மதர்போர்டுகளில் இருந்தும் பயாஸில் அணைந்தே கிடக்கிறது. இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு லினக்ஸ் நல்ல மாற்று.

உண்மையிலேயே ஃபார்மட்தான் வழி என்றால்

அப்படியும் சில நேரம் வரும், உதாரணமாக வைரஸ் ஆழமாகப் புகுந்திருந்தால். கடைக்குப் போகும் முன் கோப்புகளை எடுத்து, வேறொரு கணினியில் இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள். நகல் ஆனது என்பதும் திறக்கிறது என்பதும் ஒன்றல்ல. எழுத்துருக்கள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவையும், கணக்கு மென்பொருளின் தரவு அடைவையும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் மறக்காதீர்கள். டிஸ்க் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்யும்படியும், டி டிரைவைத் தொட வேண்டாம் என்றும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். பெட்டியைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே போட்டு, டி டிரைவைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.